காலிக் கட்டத்தில் எந்த எண்?

மலேசியாவெங்கும் தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டு மாணவர்கள் 100 வரையிலான எண்களைக் கற்கிறார்கள். விடுபட்ட எண்ணைக் கண்டுபிடிக்கும் புதிர் ‘எண் தோரணி’ப் பாடத்தோடு சேர்ந்தது.

நூறு கட்ட அட்டவணையில் வரிசைக்குப் பத்து எண்கள். வலப்பக்கம் ஒரு கட்டம் நகர்ந்தால் 1 கூடும். கீழே இறங்கினால் 10 கூடும். 46க்குக் கீழே 56, மேலே 36. பத்து கூடும்போது ஒன்றின் இடத்து இலக்கம் மாறாததால், ஒரே செங்குத்து வரிசையில் 6, 16, 26 என்றே வருகிறது. மூலைவாட்டில் வலப்பக்கம் இறங்கினால் 11 கூடும், இடப்பக்கம் இறங்கினால் 9 மட்டுமே. ஆகவே தெரிந்த எண் ஒன்றே இருந்தாலும் அக்கம்பக்கக் கட்டங்கள் அனைத்தையும் நிரப்பிவிடலாம். 1, 2, 3 என்று முதலிலிருந்து எண்ணி வரும் குழந்தை விடையைச் சரியாகவே எழுதலாம். ஆனால் இடமதிப்பைப் பார்த்திருக்காது.

தடுமாற்றம் பெரும்பாலும் ஓரத்தில்தான். 40 என்பது 31இல் தொடங்கும் வரிசையின் கடைசிக் கட்டம். நாற்பதுகளின் வரிசையில் அதைத் தேடும் குழந்தை குழம்பும். 0 முதல் 99 வரையிலான அட்டவணையில் இந்தச் சிக்கல் இல்லை.

வரிசையின் அகலம் மாறினால் விதியும் மாறும். கிழமைகள் குறுக்காக அமைந்த நாட்காட்டியில் ஒரு கட்டம் இறங்கினால் 7 கூடும்: 12க்குக் கீழே 19. அகலம் தெரியாத துண்டுப் புதிரில் மேலும் கீழுமாக அடுத்தடுத்து இரண்டு எண்கள் கிடைத்தால், அவற்றின் வித்தியாசமே அகலம்.