வரிசை ஒன்றுதான், காத்திருப்பு ஒன்றல்ல

பொருளியலில் வரிசை என்பதும் ஒரு வகை விலைதான். ஒரு பொருள் குறைவாகவும் அதை நாடுவோர் மிகுதியாகவும் இருக்கும்போது, அதைப் பணத்தால் பங்கிடலாம். அல்லது நேரத்தால் பங்கிடலாம். பணத்தால் பங்கிட்டால் வசதி உள்ளவர் பெறுவார். நேரத்தால் பங்கிட்டால் காத்திருப்பவர் பெறுவார். செல்வந்தருக்கும் ஏழைக்கும் நாளொன்றுக்கு 24 மணி நேரம்தான் என்பதால், வரிசை நியாயமானது என்று நாம் நம்புகிறோம்.

இந்த நம்பிக்கைக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. ஒரு மணி நேரம் காத்திருப்பதன் சுமை எல்லோருக்கும் ஏறத்தாழ ஒன்றே என்பதுதான் அது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளியல் கற்பித்தவன் என்கிற முறையில், இந்த அனுமானம் எங்கே உடைகிறது என்பதைக் காட்ட அமெரிக்கக் கேளிக்கைப் பூங்காக்களைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

கலிபோர்னியாவில் 1955-இல் டிஸ்னிலேண்டும், புளோரிடாவில் 1971-இல் வால்ட் டிஸ்னி வேர்ல்டும் திறக்கப்பட்டன. சில நிமிடங்களே நீடிக்கும் ஒரு சவாரிக்காக ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ நிற்பது அங்கே வாடிக்கை. சக்கர நாற்காலியில் வருவோரின் சிக்கலுக்கு அகலமான பாதை ஓரளவு தீர்வாகிறது. ஆனால், காத்திருப்பதே சிக்கலாக இருப்பவர்கள் உண்டு. ஆட்டிசம் உள்ள ஒரு குழந்தைக்கு நெரிசலும் இரைச்சலும், எப்போது முடியும் என்று தெரியாத நிலையும் தாங்க முடியாத வேதனையாகலாம். குடல் அழற்சி நோய் உள்ளவர் திடீரென்று கழிப்பறைக்கு விரைய நேரிடும். நரம்பு நோய்கள் சிலவற்றில் வெப்பமே உடலைத் தளர்த்திவிடும். இவர்களில் பலரைப் பார்த்தால் நோயின் அடையாளம் எதுவும் தெரியாது.

1990-ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் இதற்கு இரு பகுதிகள் கொண்ட விடையைத் தருகிறது. பொதுமக்கள் வந்துபோகும் தனியார் நிறுவனங்கள், மாற்றுத்திறனாளிகளுக்காகத் தங்கள் நடைமுறைகளில் நியாயமான மாற்றங்களைச் செய்தாக வேண்டும். அதேநேரம், வழங்கும் சேவையின் அடிப்படைத் தன்மையையே மாற்றிவிடும் அளவுக்கு எதையும் செய்யத் தேவையில்லை. கடந்த பல ஆண்டுகளாக நடந்துவரும் வாதங்கள் அனைத்தும் இந்த இரு வரம்புகளுக்கு இடையில் நடப்பவையே.

2013 வரை டிஸ்னி பூங்காக்களில் ஓர் உதவி அட்டை வழங்கப்பட்டது. அதைக் காட்டினால் மாற்று நுழைவாயில் வழியாக, பெரும்பாலும் நெடுநேரம் நிற்காமல் சவாரிக்குச் செல்ல முடிந்தது. அந்த ஆண்டு மே மாதம் நியூயார்க் நாளிதழ் ஒன்று, வரிசையைத் தவிர்ப்பதற்காக வசதி படைத்த குடும்பங்கள் மாற்றுத்திறனாளி ஒருவரை மணிக்கு 130 டாலர் கொடுத்து வழிகாட்டியாக அமர்த்துவதாகச் செய்தி வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் பழைய அட்டை கைவிடப்பட்டு, 'டிஸபிலிட்டி ஆக்சஸ் சர்வீஸ்' என்ற புதிய முறை வந்தது.

அதன் தத்துவம் எளிமையானது. வரிசையில் 60 நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தால், பதிவு செய்தவர் ஏறத்தாழ 60 நிமிடம் கழித்துத் திரும்பி வர வேண்டும். அதுவரை நிழலிலோ, உணவகத்திலோ, அமைதியான ஓரிடத்திலோ இருக்கலாம். அதாவது நேரம் என்ற விலையை அவரும் செலுத்துகிறார். நிற்கும் இடம் மட்டுமே மாறுகிறது. ஆதாயம் குறைவாக இருப்பதால் ஏமாற்றும் தூண்டுதலும் குறைகிறது. ஒரு பொருளியல் ஆசிரியனாக நான் பாராட்டக்கூடிய ஏற்பாடு இது.

ஆனாலும் வழக்குகள் வந்தன. நேரம் என்ற கருத்தே புரியாத, வகுத்த ஒழுங்கு மாறினால் நிலைகுலைந்துபோகிற ஆட்டிசம் உள்ளவர்களுக்கு, 'பிறகு வா' என்பதே தடைதான் என்று குடும்பங்கள் வாதிட்டன. இதை விசாரித்தே முடிவுசெய்ய வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018-இல் கூறியது. விசாரணைக்குப் பின் 2020-இல் புளோரிடா கூட்டாட்சி நீதிமன்றம் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கேட்கப்பட்ட உடனடி அனுமதி, பூங்காவின் இயக்கத்தையே மாற்றிவிடும் என்பது அதன் காரணங்களுள் ஒன்று.

இதைச் சிறு கணக்கால் விளக்கலாம். மணிக்கு 1,000 பேரை ஏற்றும் ஒரு சவாரிக்கு 1,000 பேர் நிற்கிறார்கள் என்று கொள்வோம். கடைசியில் நிற்பவர் ஒரு மணி நேரம் காத்திருப்பார். இருக்கைகளில் 30 விழுக்காடு உடனடி அனுமதிக்குப் போய்விட்டால், மற்றவர்களுக்கு மணிக்கு 700 இடங்களே மிஞ்சும். கடைசி ஆளின் காத்திருப்பு ஏறத்தாழ 86 நிமிடமாகும். சலுகைக்கும் செலவு உண்டு. அந்தச் செலவை நிறுவனம் அல்ல, வரிசையில் நிற்கும் மற்றவர்களே ஏற்கிறார்கள்.

இந்தச் சமநிலையைக் குலைத்தது வேறொரு மாற்றம் என்பது என் கருத்து. 1999 முதல் டிஸ்னி பூங்காக்களில் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்துவந்த விரைவு அனுமதிச் சீட்டு மறைந்து, 2021 அக்டோபரில் அதன் இடத்தைக் கட்டணச் சேவை பிடித்தது. வரிசையைத் தவிர்ப்பது அன்று முதல் விலைப்பட்டியலில் ஏறிய பண்டமாயிற்று. ஒரு பண்டத்துக்கு விலை வைத்த நொடியிலேயே, அதை ஒத்த இலவச வழியின் மதிப்பும் கூடிவிடும். நேர்மையானவர்கள் இதனால் மாறுவதில்லை. சபலம் உள்ளவர்கள் மாறுவார்கள். ஐந்தாண்டுகளில் இந்தச் சலுகையைப் பயன்படுத்துவோர் மும்மடங்குக்கு மேல் பெருகியதாக நிறுவனமே தெரிவித்தது. அத்தனையும் ஏமாற்று என்று சொல்வது அநியாயம். ஆட்டிசம் பற்றிய விழிப்புணர்வு வளர்ந்திருக்கிறது. சேவை இருப்பதும் பலருக்குத் தெரியவந்திருக்கிறது. உண்மையானவரையும் போலியையும் வெளியிலிருந்து பிரித்தறிய முடியாது என்பதே சிக்கல். ஜார்ஜ் அகெர்லோஃப் 1970-இல் பழைய கார்ச் சந்தையைக் கொண்டு விளக்கிய தகவல் ஏற்றத்தாழ்வு இங்கேயும் இருக்கிறது.

நிறுவனத்தின் விடை 2024-இல் வந்தது. ஆட்டிசம் போன்ற வளர்ச்சிசார் குறைபாடுகளால் நெடுநேரம் வரிசையில் நிற்க இயலாதவர்களுக்கே இந்தச் சேவை என்று வரையறை இறுகியது. காணொளி வழி நேர்காணல். பொய் சொன்னது தெரிந்தால் பூங்காவுக்குள் நிரந்தரத் தடை. முன்பு சலுகை பெற்ற பலர், அவசரத்துக்கு வரிசையை விட்டு வெளியேறி மீண்டும் சேர்ந்துகொள்வது போன்ற மாற்று வழிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். உடல்சார் குறைபாடு உள்ளவர்களை இது ஒதுக்குகிறது என்று 2025 பிப்ரவரியில் கலிபோர்னியாவில் வழக்கு தொடரப்பட்டது.

நலத்திட்டங்களை ஆராய்வோர் இரு வகைப் பிழைகளைச் சுட்டுவார்கள். தகுதியற்றவரைச் சேர்ப்பது ஒன்று; தகுதியுள்ளவரை விடுவது மற்றொன்று. ஒன்றை ஒடுக்கினால் மற்றது பெருகும். இவ்விரண்டும் சம எடை உள்ளவை அல்ல. ஒரு போலி நுழைந்தால், வரிசையில் நிற்பவர் ஒவ்வொருவரும் சில நொடிகளை இழக்கிறார். உண்மையான ஒருவர் மறுக்கப்பட்டால், ஒரு குடும்பம் முழு நாளையும் இழக்கிறது. பல வேளைகளில் பூங்காவுக்கு வருவதையே கைவிடுகிறது. சுமை இப்படிக் குவியும் இடத்தில், இரண்டாவது பிழையைக் குறைப்பதே முதல் கடமை.

ஒரே வருமானத்தைக் கொண்டு எல்லோராலும் ஒரே அளவு வாழ்வைப் பெற முடியாது. உடற்குறை உள்ளவருக்கு அதே நிலையை எட்டக் கூடுதல் வளம் தேவை என்று அமர்த்திய சென் நெடுங்காலமாக வலியுறுத்திவருகிறார். வருமானத்துக்குப் பொருந்துவது நேரத்துக்கும் பொருந்தும். எனவே, தகுதியை நோயின் பெயரால் தீர்மானிப்பது தவறு. ஒரே நோய் உள்ள இருவரில் ஒருவர் நிற்கலாம், மற்றவரால் முடியாமல் போகலாம். 'உங்களுக்கு என்ன நோய்?' என்பதைவிட 'வரிசையில் நின்றால் உங்களுக்கு என்ன நேரும்?' என்ற கேள்வியே பொருத்தமானது. மருத்துவச் சான்று கேட்டால் தீர்ந்துவிடாதா என்பார்கள். சான்றிதழ் நோயின் பெயரைச் சொல்லும். வரிசையில் நேரும் பாட்டைச் சொல்லாது.

கட்டணச் சீட்டை விற்கும் நிறுவனமே இலவசச் சலுகைக்கு யார் தகுதியானவர் என்பதற்கான விதியையும் வகுக்கிறது. ஒவ்வொரு மறுப்பும் ஒரு விற்பனையாக மாறக்கூடும். நிறுவனத்துக்குத் தீய நோக்கம் இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால், தன் நலன் கலந்த விஷயத்தில் தானே நடுவராக இருப்பது யாருக்கும் அழகல்ல. மறுப்புக்கு எழுத்தில் காரணமும், நிறுவனத்தைச் சாராத ஒருவரிடம் முறையிடும் வழியும் வேண்டும்.

இவற்றைவிட முக்கியமானது வரிசையையே சீரமைப்பது. இருக்கை, நிழல், குடிநீர், இரைச்சலற்ற ஒரு மூலை, கேள்வி கேட்காமல் வெளியே சென்று திரும்பும் வசதி ஆகியவை எல்லோருக்கும் இருந்தால், தனிச் சலுகை கேட்போர் எண்ணிக்கை தானாகவே குறையும். கைபேசியில் இடம்பிடித்து வேறிடத்தில் காத்திருக்கும் முறையை, ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரு சவாரி என்ற வரம்போடு விரிவாக்கலாம். எவருக்கும் நின்றே தீர வேண்டிய கட்டாயம் இல்லாதபோது, நிற்க முடியாதவரைப் போல நடிப்பதில் லாபமும் இல்லை.

இது ஏதோ அமெரிக்கக் கேளிக்கை விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2006-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007-இலேயே உறுதிசெய்தது. அமெரிக்கா கையெழுத்திட்டும், 2012-இல் செனட் அவையில் போதிய ஆதரவின்றி அதை உறுதிசெய்யத் தவறியது. நமது 2016-ஆம் ஆண்டுச் சட்டமும், அளவுக்கு மீறிய சுமை இல்லாதவரை உரிய மாற்றங்களைச் செய்யும் கடமையைப் பேசுகிறது. ஆகவே, மருத்துவமனையானாலும் வங்கியானாலும் ரயில் நிலையமானாலும், வரிசை நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் இந்தக் கேள்வி நமக்கும் காத்திருக்கிறது. முதலில் வந்தவருக்கு முதலில் என்பது நல்ல விதி. வந்தவர் எல்லோராலும் நிற்க முடியுமா என்று கேட்ட பிறகே அது நியாயமான விதியாகும்.