தப்பு பீஸிலா, மெஷினிலா?



பி.ஜி. படிப்பு என்றால் நமக்குத் தெரிந்தது எம்.இ., எம்.பி.ஏ., எம்.சி.ஏ. அவ்வளவுதான். இவற்றில் சேராத ஒரு படிப்பைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அதன் பெயர் பொதுச் சுகாதாரச் சத்துணவியல்.

1899-ல் தொடங்கப்பட்ட லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியில் உலக மக்களின் சத்துணவு பற்றி எம்.எஸ்ஸி. படிக்கலாம். ஹைதராபாத்தில் உள்ள தேசியச் சத்துணவு நிறுவனத்திலும் எம்.எஸ்ஸி. இருக்கிறது. அந்த நிறுவனம் பிறந்த ஊர் எது தெரியுமா? நம்ம குன்னூர்! 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் அங்கே பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். ஹைதராபாத்துக்குப் போனது 1958-ல்தான்.

"முட்டை சாப்பிடு, கீரை சாப்பிடுன்னு சொல்றதுக்கு ஒரு எம்.எஸ்ஸி.யாடா?" என்று ஹாஸ்டலில் நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் விஷயம் வேறு. ஆஸ்பத்திரி டயட்டீஷியன் ஒரு நோயாளியைப் பார்ப்பார். இந்தப் படிப்பிலோ நோயாளி என்பது ஒரு ஊர், ஒரு மாவட்டம், சில சமயம் ஒரு நாடு!

நம் ஒர்க்‌ஷாப் பாஷையில் சொல்கிறேன். ஷாஃப்ட் கடைந்ததும் லிமிட் கேஜ் வைத்துப் பார்க்கிறோம். எல்லைக்குள் இருந்தால் சரி. அதுபோல் குழந்தை வளர்ச்சிக்கும் ஒரு கேஜ் உண்டா? உண்டு.

முன்பு உலகம் முழுக்கப் பயன்பட்டது அமெரிக்கக் குழந்தைகளை வைத்துப் போட்ட அட்டவணை. "அவங்க ஊர் அளவு நமக்கு எப்படிப் பொருந்தும்?" என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். அதனால் உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 6 நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்தது. தாய்ப்பால் குடித்த, வசதிக் குறைவு இல்லாத, அம்மா புகை பிடிக்காத வீட்டுக் குழந்தைகளையே தேர்ந்தெடுத்தார்கள். நம் நாட்டில் அளந்த இடம் டெல்லி.

முடிவு என்ன தெரியுமா? 5 வயது வரை ஆறு நாட்டுக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி வளர்ந்தார்கள்! உயர வித்தியாசத்தில் நூற்றில் 3 பங்குதான் நாட்டுக்கு நாடு. 70 பங்கு ஒரே ஊருக்குள் ஆளுக்கு ஆள். இதை வைத்து 2006-ல் புதிய அளவுகோல் வந்தது.

உதாரணமாக, 2 வயது ஆண் குழந்தையை நிற்க வைத்து அளந்தால் நடு உயரம் 87.1 செ.மீ. திட்ட விலக்கம் சுமார் 3 செ.மீ. இரண்டு திட்ட விலக்கம் கீழே போனால் 81 செ.மீ. அதற்கும் கீழே இருந்தால் 'வளர்ச்சி குன்றியது' என்று கணக்கு. கணக்கு வாத்தியார் நடத்திய நார்மல் கர்வ் இங்கேதான் வேலைக்கு வருகிறது.

இப்போது முக்கியமான இடம். நல்ல சாப்பாடு, நல்ல தண்ணீர் உள்ள ஊரிலும் நூற்றுக்கு 2 குழந்தைகள் இந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பார்கள். அது இயற்கை. அப்பா குள்ளம் என்றால் பிள்ளையும் குள்ளமாக இருக்கலாம். ஆனால் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் 5 வயதுக்குட்பட்டோரில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 25 பேரும், நாடு முழுவதும் 35.5 பேரும் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். நூற்றில் 2 பீஸ் ரிஜெக்ட் ஆனால் பீஸைப் பார்க்கலாம். 25 ஆனால்? மெஷினைத்தானே பார்க்க வேண்டும்! (குழந்தை பீஸ் இல்லை, ரிஜெக்ட் பண்ணவும் முடியாது. புரிவதற்காகச் சொன்னேன்.)

மெஷினில் எங்கே கோளாறு? கர்ப்பிணிக்கு ரத்தசோகை, எடை குறைந்த பிரசவம், 6 மாதத்துக்குப் பிறகும் வெறும் கஞ்சித் தண்ணி, சுத்தமில்லாத குடிநீர், அடிக்கடி வயிற்றுப்போக்கு. கரு உண்டானது முதல் 2 வயது வரை உள்ள சுமார் 1,000 நாளில்தான் பெரும்பாலான சேதம் நடக்கிறது. எந்தக் கோளாறை முதலில் சரி செய்வது, செய்த பின் பலன் வந்ததா என்று அளப்பது எப்படி? இதற்குத்தான் புள்ளியியல், நோய்ப் பரவலியல், உணவு அறிவியல், திட்ட மதிப்பீடு எல்லாம் சேர்த்துப் படிக்கிறார்கள்.

எங்க அம்மா அங்கன்வாடி உதவியாளர். அளக்கும் நாளில் குழந்தையை அசையாமல் பிடிப்பது அவர் வேலை. "பிள்ளை குள்ளமா இருக்கே" என்று டீச்சர் சொன்னால், "எங்க பரம்பரையே இப்படித்தான் டீச்சர்" என்று தாய்மார்கள் சிரித்துவிட்டுப் போவார்களாம். அம்மாவும் அப்படித்தான் நம்பியிருந்தார். நானும் வகுப்பில் முதல் பெஞ்ச் உயரம்தான்! ஆறு நாட்டுக் கதையை அம்மாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இது தலையெழுத்து இல்லையா?" என்று கேட்டார்.

டிப்ளமோ முடித்ததும் இந்தப் படிப்பில் நேராகச் சேர முடியாது. முதலில் ஒரு டிகிரி வேண்டும். நமக்கு லேட்டரல் என்ட்ரி இருக்கிறது. எந்த டிகிரியை ஏற்பார்கள் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும், முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். வீட்டில் ப்ளஸ் டூ படிக்கும் தங்கை, தம்பி இருந்தால் இப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்றாவது சொல்லி வையுங்கள். நம் வீடுகளில் இதையெல்லாம் சொல்ல வேறு ஆள் இல்லை, நாம்தான் முதல் ஆள்!

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்