இளங்கன்றுகளுக்கு நேரிடும் விபத்துகளும் அவற்றைத் தடுக்கும் முறைகளும்

சிறு நிலமுடைய குடியானவரிடம் இரண்டொரு பசுக்களே இருப்பது வழக்கம். அத்தகைய இடத்தில் ஒரு கன்று இறப்பின், நஷ்டம் அக்கன்றோடு நிற்பதில்லை. காங்கயம் முதலிய நாட்டுப் பசுக்களிற் பல, கன்று ஊட்டினாலன்றிப் பால் சுரப்பதில்லை. ஆதலால் கன்று போனால் அந்த ஈற்றின் பாலும் பெரும்பாலும் போய்விடுகிறது. நோயினால் கன்று இறப்பதைக் குறித்து யாவரும் கவலையுறுகின்றனர். விபத்தினால் இறப்பதையோ விதியென்று விட்டுவிடுகின்றனர். எந்நேரமும் கன்றின் பக்கத்தில் ஒருவர் காவலிருத்தல் இயலாது. ஆகவே, ஆளில்லாத வேளையிலும் அபாயம் நேராதபடி இடத்தை அமைத்துக்கொள்வதே தக்க உபாயமாகும்.

கயிறு:— கன்றுக்குச் சுருக்கு முடிச்சுப் போடலாகாது. கன்று துள்ளி இழுக்குந்தோறும் அது இறுகிக் கழுத்தை நெரிக்கும். இறுகாத முடிச்சிட்டு, கழுத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல்கள் நுழையும்படி விடவேண்டும். கன்று விரைவில் வளர்வதால், வாரம் ஒரு முறை கயிற்றைத் தளர்த்திக் கட்டாவிடில் அது தோலை அறுத்துப் புண்ணாக்கும். ஈ மொய்த்துப் புழு வைக்கும். திண்ணை, வாய்க்காற்கரை முதலியவற்றின் ஓரத்தில் கட்டினால், கன்று சறுக்கி விழுந்து கயிற்றில் தொங்கி உயிர்விடக்கூடும்.

அடைப்பு:— கன்றைக் கட்டுவதினும் சிறு அடைப்பில் விடுதல் நலம். கன்று ஒன்றுக்கு 10 சதுர அடிக்குக் குறையாத இடம் வேண்டும். அது தாயின் கண்ணுக்கு எட்டும் தூரத்திலும், பெரிய மாடுகள் மிதிக்கவோ முட்டவோ இயலாதபடியும் இருத்தல் அவசியம். கன்றின் தலை சிக்கிக்கொள்ளாதபடியும், இரவில் நாய் புகாதபடியும் படலை நெருக்கமாகக் கட்டவேண்டும். வழுக்கும் தரையில் கால் அகன்று கன்று முடமாகுமாதலால் உலர்ந்த வைக்கோலைப் பரப்புக. கன்று கண்டதையெல்லாம் நக்கிச் சப்பும் இயல்புடையது. ஆணி, கம்பி, பாலித்தீன் பை, கயிற்றுத் துண்டு எதுவும் அங்கே கிடக்கலாகாது.

கிணறு:— கொங்கு நாட்டுத் தோட்டங்களிற் காணும் தரைமட்டக் கிணறுகள் இளங்கன்றுக்குப் பேரபாயம். 3 அடி உயரமுள்ள கைப்பிடிச் சுவராவது, நெருக்கமான கிளுவை வேலியாவது சுற்றிலும் அமைத்தல் வேண்டும். கன்று தவறி விழுந்தால் ஒருவரும் தனியே உள்ளே இறங்கலாகாது. பாழுங்கிணற்றில் நச்சுக் காற்றுத் தங்கியிருப்பதுண்டு. 101 அல்லது 112 எண்ணில் தீயணைப்புப் படையினரை அழைப்பதே முறை. கைவிட்ட ஆழ்குழாய்க் கிணறுகளைத் தரைமட்டம் வரை நிரப்பி மூடவேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2010ஆம் ஆண்டில் உத்தரவிட்டுள்ளது. குழந்தைகளின் உயிரை முன்னிட்டுப் பிறந்த அவ்வுத்தரவு கன்றுகளையும் காக்கும். கிராம அதிகாரிகள் அதை நிறைவேறச் செய்தல் கடமை.

மருந்தூட்டல்:— கன்றின் தலையை உயரத் தூக்கி, நாவைப் பிடித்திழுத்து மருந்தை ஊற்றுவது தவறு. அது நுரையீரலிற் புகுந்து கன்றைக் கொல்லக்கூடும். வாய், கண்ணின் மட்டத்துக்கு மேற்போகாதபடி பிடித்து, கடைவாயிற் சிறிது சிறிதாக விடவேண்டும். இருமினால் உடனே நிறுத்தித் தலையைத் தாழ விடுக.

சோளப் பயிர்:— பூக்காத இளஞ்சோளத்திலும், மழையின்றி வாடிய பயிரிலும், அறுத்த தாளின் மறுதுளிரிலும் கொடிய நஞ்சு உண்டு. மேயத் தொடங்கிய கன்று அங்கே செல்லாதபடி தடுக்கவேண்டும். தின்றுவிட்டு மூச்சு வாங்கித் தள்ளாடினால் ஒரு நிமிஷமும் தாமதியாமல் கால்நடை மருத்துவரை அழைக்கவேண்டும்.

பசு ஈனுவதற்கு ஒரு வாரம் முன்பே, குடியானவர் கன்றின் உயரத்துக்குக் குனிந்து தொழுவத்தையும் தோட்டத்தையும் ஒரு முறை சுற்றிப் பார்ப்பாராக. நிமிர்ந்து நடக்கையில் தோன்றாத பள்ளமும், கம்பியும், படலின் சந்தும் அப்பொழுது புலப்படும். அவற்றை அன்றே சரிசெய்தல் சில மணி நேர வேலையேயாம். ஒரு கன்றையும் ஓர் ஈற்றுப் பாலையும் அது காத்துத் தரும்.