கம்போட்: பைக்கை ஓரங்கட்ட ஓர் ஆற்றங்கரை ஊர்

கம்போடியத் தலைநகர் புனோம் பென்னிலிருந்து கம்போட் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். மூன்று மணி நேரத்தில் போய்விடலாம் என்றுதான் தோன்றும். சரக்கு லாரிகளுக்கும், எதிர்த்திசையில் வரும் ஸ்கூட்டர்களுக்கும் ஒதுங்கி ஒதுங்கி ஊருக்குள் நுழையும்போது முதுகு வலிக்கும், உள்ளங்கை மரத்துப்போயிருக்கும், சட்டையெல்லாம் புழுதி. ஒரு ராத்திரி தங்கிவிட்டுக் கிளம்பலாம் என்று வந்த பைக் பயணிகள், மறுநாளுக்கும் சேர்த்து அறை வாடகை கொடுப்பது இங்கே சகஜம்.

ஊரின் அடையாளம் ராட்சத டுரியன் பழச் சிலை நிற்கும் ரவுண்டானா. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் இங்கே உஷாராக இருக்க வேண்டும். கம்போடியாவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. ரவுண்டானாவை நம் ஊருக்கு நேர்மாறாகச் சுற்ற வேண்டும். களைத்த நேரத்தில் கை தன்னையறியாமல் பழைய பக்கத்துக்கே வண்டியைத் திருப்பும்.

பிறகு ஆறு. யானை மலைத்தொடரிலிருந்து இறங்கி வரும் துக் சூ ஆறு, கடலில் கலப்பதற்குச் சற்று முன்னால் அகன்று, அவசரமில்லாமல் ஊரைக் கடக்கிறது. கரையோரமாகப் பிரெஞ்சுக் காலத்துக் கட்டடங்கள், சீன வணிகர்களின் கடைவீடுகள். மாலையில் படகுகள் ஆற்றில் மேலேறிப் போகும். இருட்டியதும் கரை மரங்களில் மின்மினிகளைக் காட்டித் திரும்பும்.

இந்த அமைதிக்கு ஒரு காரணம் உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் கம்போட் நாட்டின் முக்கியத் துறைமுகமாக இருந்தது. 1950களில் சிஹானூக்வில்லில் ஆழ்கடல் துறைமுகம் எழும்பியதும் கப்பல்களும் வியாபாரமும் அங்கே போய்விட்டன. கூட்டம் குறைந்தது, பழைய வீதிகளை இடித்துப் பெரிதாகக் கட்ட வேண்டிய அவசியமும் வரவில்லை.

அடுத்து வந்த உள்நாட்டுப் போர் தழும்புகளை விட்டுப்போனது. பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய பழைய பாலம் சேதமடைந்து, பின்னர் கிடைத்ததைக் கொண்டு ஒட்டுப்போடப்பட்டது. அதனால் ஒரு கண்ணின் வடிவம் அடுத்த கண்ணோடு பொருந்தாது. கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் மிளகுத் தோட்டங்களும் அழிந்தன. எஞ்சிய கொடிகளைக் கொண்டு விவசாயிகள் பிற்பாடு மெல்ல மீட்டெடுத்த பயிர்தான் இன்று ஊருக்குப் பெயர் வாங்கித் தருகிறது. கம்போட் மிளகுக்கு 2010இல் கம்போடியாவிலும், 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு கிடைத்தது.

தங்கும் நாளில் சற்று நேரம் ஒதுக்கித் தோட்டத்துக்குப் போய் வரலாம். உயரமான கம்பங்களில் கொடி படர்ந்திருக்கும். காயாகப் பறித்து வெயிலில் உலர்த்தினால் கருமிளகு. கொடியிலேயே பழுக்கவிட்டுப் பறித்தால் சிவப்பு மிளகு. அந்தப் பழத்தை ஊறவைத்துத் தோலை நீக்கினால் வெண்மிளகு. மூன்றும் ஒரே கொடியின் விளைச்சல். பச்சை மிளகைக் கொத்தோடு போட்டு நண்டு வதக்குவது இந்தக் கடற்கரையின் பேர்போன சமையல். பொரித்த மீனுக்கோ இறைச்சிக்கோ மிளகுத்தூள், உப்பு, எலுமிச்சைச் சாறு கலந்து ஒரு சின்னக் கிண்ணத்தில் தொட்டுக்கொள்ள வைப்பார்கள். உப்பும் உள்ளூர்ச் சரக்குதான். மழையில்லாத மாதங்களில் போனால் ஊருக்கு வெளியே உப்பளங்களில் வேலை நடப்பதைப் பார்க்கலாம்.

கை கால் வலி குறைந்து, மறுபடி வண்டியேறத் தோன்றினால் போகோர் மலை இருக்கிறது. சுமார் 1,000 மீட்டர் உயரம், வளைந்து வளைந்து ஏறும் நல்ல தார்ச்சாலை. உச்சியில் 1925இல் பிரெஞ்சுக்காரர்கள் திறந்த போகோர் பேலஸ் ஹோட்டலும் ஒரு பழைய தேவாலயமும் நிற்கின்றன. மேலே மூடுபனி திடீரென இறங்கும், குளிரும். மழைக்கோட்டு கையோடு இருக்கட்டும். இறக்கத்தில் பிரேக்கையே நம்பாமல் கியரைக் குறைத்து இறங்குவது நல்லது.

கம்போட்டிலிருந்து அடுத்த நிறுத்தம் பெரும்பாலும் கெப் என்ற கடலோர ஊர். தென்கிழக்கே 25 கிலோமீட்டர்தான். நண்டுச் சந்தையில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளலாம். அதற்கும் அப்பால் வியட்நாம் எல்லை. வாடகை பைக்கை எல்லை தாண்டி ஓட்டிப்போகப் பொதுவாக அனுமதிப்பதில்லை. அந்தப் பக்கம் போகிறவர்கள் வண்டியைக் கம்போட்டிலேயே ஒப்படைத்துவிட்டு வேன் பிடிப்பார்கள்.