ரப்பரிடம் ஏமாந்த கம்ப்யூட்டர்!

பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பரை விரலால் அமுக்கிப் பாருங்கள். அது சப்பையாகும். பக்கவாட்டில் பிதுங்கும்.

ரப்பர் சுருங்கிவிட்டது என்று பலர் நினைப்பார்கள். இல்லை! உருவம்தான் மாறியது. அதன் கன அளவு குறையவே இல்லை என்று சொல்லலாம். ரப்பரின் உருவத்தை மாற்றுவதைவிட, கன அளவைக் குறைப்பது ஆயிரம் மடங்குக்கு மேல் கடினம்.

இந்தக் குணம்தான் கம்ப்யூட்டரைத் திணற அடித்தது.

பூட்டிக்கொண்ட முக்கோணங்கள்

ஒரு பாலமோ, டயரோ எவ்வளவு பாரம் தாங்கும்? செய்வதற்கு முன்பே கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். பொருளைச் சிறு சிறு முக்கோணங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மூலையும் எவ்வளவு நகரும் என்று கணக்கிடுவார்கள்.

இரும்புக்கு இந்தக் கணக்கு சரியாக வந்தது. ரப்பருக்கு வரவில்லை! காரணம், ரப்பரில் எந்த முக்கோணத்தின் பரப்பும் மாறக்கூடாது.

ஒரு முக்கோணத்தின் இரண்டு மூலைகள் சுவரில் ஒட்டியிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு மாறாமல் இருக்கவேண்டுமானால், மூன்றாவது மூலை சுவரின் போக்கிலேதான் நகரவேண்டும். அதே மூலையில் சேரும் அடுத்த முக்கோணம் தரையில் ஒட்டியிருக்கிறது. அது, "தரையின் போக்கில்தான் நகரவேண்டும்" என்கிறது. இருவர் சொல்லையும் கேட்டால் அந்த மூலை என்ன செய்யும்? அசையாமல் நிற்கும்! இப்படியே மூலைக்கு மூலை பூட்டிக்கொண்டு, மெத்தென்ற ரப்பரைக் "கல்" என்றது கம்ப்யூட்டர்.

ராக்கெட்டுக்கு ஆபத்து

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. திட எரிபொருள் ராக்கெட்டுக்குள் இருப்பது ரப்பர் போன்ற பண்டம்தான். அதில் விரிசல் விழுந்தால், விரிசலுக்குள்ளும் தீ புகும். ஒரே நேரத்தில் அதிக எரிபொருள் எரியும். அழுத்தம் எகிறி ராக்கெட்டே வெடிக்கலாம்! விரிசல் எங்கே விழும் என்று முன்கூட்டியே தெரியவேண்டாமா?

1965-ம் ஆண்டு அமெரிக்க நிபுணர் எல்.ஆர்.ஹெர்மன் ஒரு வழி சொன்னார். மூலைகளின் நகர்வோடு, உள்ளே எழும் அழுத்தத்தையும் தனியாகக் கணக்கிடவேண்டும் என்றார். பூட்டைத் திறக்க வழி பிறந்தது.

ஆனால், அழுத்தத்தை அளவுக்கு மீறிப் பல இடங்களில் கேட்டால் மறுபடியும் தொல்லை! சதுரங்கப் பலகையில் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கிறதே, அதுபோல ஒரு கட்டத்தில் அதிகம், அடுத்த கட்டத்தில் குறைவு என்று பொய்க் கணக்கு வரும். எந்த ஜோடி பொருந்தும் என்பதற்கு, 1970-களில் பாபுஷ்கா, பிரெஸ்ஸி என்ற கணித மேதைகள் விதி வகுத்தார்கள்.

மனிதனின் தசையில் பெரும்பகுதி நீர். அதன் கன அளவும் எளிதில் குறையாது. இருதயத் துடிப்பைக் கம்ப்யூட்டரில் காண முயலும் விஞ்ஞானிகளும் இதே பூட்டோடுதான் போராடுகிறார்கள்.