கருங்கூழாங்கல் கரையில் ஒரு நாள்

ஐஸ்லாந்துத் தீவின் மேற்கே, விரல் நீட்டினாற்போல் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது ஸ்னைஃபெல்ஸ்நெஸ் தீபகற்பம். அதன் முனையில் 1,446 மீட்டர் உயரமுள்ள எரிமலையொன்று பனிமுடி தரித்து நிற்கிறது. பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்ன் 1864-ஆம் ஆண்டு வெளியிட்ட புதினத்தில், பூமியின் நடுவிடத்தைத் தேடிச் செல்வோர் இறங்கும் வாயில் இம்மலையே. நாங்கள் அத்துணைத் தூரம் செல்லவில்லை. மலையடிவாரக் கடற்கரையில் ஒரு நாள் நடந்ததோடு சரி.

எங்களுடையது படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி யாவும் உள்ளே அமைந்த வீட்டு வண்டி. கண்ட இடத்தில் நிறுத்தி அதில் உறங்கிவிட இயலாது. கூடாரத் திடலிலோ, நிலத்துக்குரியவர் இசைவு தந்த இடத்திலோதான் இரவு தங்கலாம். சாலையை விட்டு இறக்கி ஓட்டுவதும் குற்றம். பாசி படர்ந்த எரிமலைப் பாறையில் பதிந்த சக்கரத் தடம் மறையப் பல்லாண்டுகள் செல்லும். எல்லாவற்றினும் பெரும் பகை காற்று. வண்டியின் முகத்தைக் காற்றை நோக்கி நிறுத்தி, கதவை இரு கைகளாலும் பற்றிக்கொண்டே திறத்தல் வேண்டும். இன்றேல் கதவு கீலோடு போய்விடும்! ஜூன் மாதமாயிருந்தும் ஆளுக்கு இரண்டு கம்பளிச் சட்டைகள் தேவைப்பட்டன.

காலையில் அர்னார்ஸ்டாபி என்னும் சிற்றூரினின்று ஹெல்னாருக்கு நடந்தோம். இரண்டரைக் கிலோமீட்டர்ப் பாதை. ஒருபுறம் குளிர்ந்திறுகிய எரிமலைக் குழம்பு. மறுபுறம் அறுகோணத் தூண்களை அடுக்கினாற்போன்ற கரும்பாறைகளும் அலை குடைந்த வளைவுகளும். புல்வெளியில் முட்டையிட்டிருக்கும் ஆலாப் பறவைகள் நெருங்குவோரின் தலையில் கொத்த வருமாதலால், கைத்தடியை உயர்த்திப் பிடித்தே நடந்தோம். ஆண்டுதோறும் தென்துருவக் கடல் வரை போய் மீளும் பறவைகள் அவை.

ஹெல்னாரின் மேல்புறச் சரிவில் மரியாளின் ஊற்று என்னும் நீரூற்று உண்டு. ஹோலார் மறைமாவட்டத்தின் ஆயராயிருந்த குட்முண்டூர் அராசன் 1230-ஆம் ஆண்டில் இங்கே தேவதாயைக் கண்டார் என்பது மரபு. நீரூற்றுகளை மந்திரித்துச் செல்வது அவர் வழக்கமாம். பதினாறாம் நூற்றாண்டில் நாடு முழுவதும் லூத்தரன் சபைக்கு மாறிற்று. ஊற்றின் பெயரோ மாறவில்லை. அன்னையின் வெண்ணிறச் சுரூபம் ஒன்று இன்று அங்கு நிற்கிறது. நீர் பல்லைக் கூசச் செய்யும் குளிர்ச்சி.

பிற்பகல் வண்டியைச் செலுத்தி ட்யூபலோன்சாண்டூர் கரையை அடைந்தோம். இங்கே மணல் இல்லை. அலை தேய்த்து மெருகேற்றிய கரிய கூழாங்கற்களே உள்ளன. கரையில் நான்கு உருண்டைக் கற்கள் கிடக்கின்றன. அவற்றின் எடை 154, 100, 54, 23 கிலோ. 'முழு வலியன்', 'அரை வலியன்', 'அரைப் பங்காளன்', 'சோப்ளாங்கி' என அவற்றின் பெயர்களைத் தமிழாக்கலாம். நம் இளவட்டக்கல்லைப் போன்றவைதாம். ஆயினும் இங்கே பெண் கொடுப்பதற்காக அன்று, பிழைப்புக்காகவே தூக்கினர். மூன்றாம் கல்லை இடுப்பளவு உயர்ந்த பாறைமேல் தூக்கி வைக்க மாட்டாதவனைப் படகில் சேர்ப்பதில்லை. துடுப்பு வலிப்பதில் ஒருவன் சோர்ந்தால் படகிலுள்ள அனைவருக்குமே ஆபத்தன்றோ! அடுத்த குடாவாகிய ட்ரிட்விக்கில் அந்நாளில் மீன்பிடி பருவத்தில் 60 படகுகள் வரை கூடியதுண்டு. இன்று அங்கே ஒரு வீடுமில்லை.

கூழாங்கற்களுக்கிடையே துருவேறிய இரும்புத் துண்டுகள் சிதறிக் கிடந்தன. 1948 மார்ச் 13-ஆம் நாள், இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி துறைமுகத்தைச் சேர்ந்த 'எபைன்' என்னும் மீன்பிடிக் கப்பல் இவ்விடத்தில் பாறையில் மோதி உடைந்தது. 14 பேர் மாண்டனர். ஐவரைக் கரையிலிருந்தோர் காப்பாற்றினர். மாண்டோரின் நினைவாக அவ்விரும்பை எவரும் தொடலாகாது என அறிவிப்புப் பலகை கூறுகிறது. அலைகள் அமைதியாயிருப்பதாகவே தோன்றிற்று. எனினும் பின்வாங்கும் நீர் ஆளை இழுத்துச் செல்லும் என்பதால் பிள்ளைகளை நீரருகே விடவில்லை.

அன்றிரவு ஹெல்லிசாண்டூர் திடலில் தங்கினோம். மணி பதினொன்றாகியும் கதிரவன் கடலுக்கு மேலேயே இருந்தான். பிள்ளைகள் உறங்குவதற்காகச் சன்னல் திரைகளை இழுத்து மூடினோம்.