வீடியோவில் டாக்டர், பக்கத்தில் நர்ஸ்: டெலிமெடிசினில் யாருக்கு என்ன பொறுப்பு? திருப்பூர் உதாரணத்துடன் ஒரு விளக்கம்

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் டெய்லருக்கு சுகர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டாக்டரைப் பார்க்கக் கிளம்பினால் சீட்டு, வரிசை, மாத்திரை கவுன்டர் என்று பாதி நாள் போய்விடும். அந்த நேரத்தில் தைக்காத பீஸுக்குக் காசு கிடையாது. சனிக்கிழமை சம்பளத்தில் அது அப்படியே தெரியும். ‘அடுத்த வாரம் போய்க்கலாம்’ என்று தள்ளிப்போடுவது இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

இந்த அலைச்சலைக் குறைக்க வந்ததுதான் டெலிமெடிசின். ஆனால் டாக்டர் திரைக்குள் போனதும், பக்கத்தில் நிற்கும் நர்ஸின் வேலையும் சேர்ந்தே மாறுகிறது. எப்படி?

இ-சஞ்சீவனி என்றால் என்ன?

மத்திய அரசின் இலவச டெலிமெடிசின் சேவை இது. மொகாலியில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. இதில் 2 வகை உண்டு.

* 2019 நவம்பரில் தொடங்கியது முதல் வகை. சுகாதார நிலையத்தில் இருக்கும் நர்ஸ், நோயாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேறு ஊரில் உள்ள டாக்டரை வீடியோவில் அழைப்பார்.
* கொரோனா ஊரடங்கின்போது, 2020 ஏப்ரல் 13-ல் வந்தது இரண்டாவது வகை. நோயாளி தன் மொபைலில் இருந்தே டாக்டரிடம் பேசலாம். தொடக்க காலத்தில் இதை அதிகம் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

நர்ஸ் வேலை எப்படி மாறுகிறது?

வீடியோவில் டாக்டரால் தொட்டுப் பார்க்க முடியாது. காலில் ஆறாத புண் இருக்கா, வீக்கத்தை அழுத்தினால் குழி விழுதா, பேசும்போது மூச்சு வாங்குதா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் நர்ஸ். செருப்பைக் கழற்றச் சொல்லி அவர் பாதத்தைப் பார்க்காமல் விட்டால், அந்தப் புண் டாக்டருக்கும் தெரியாது.

திருப்பூரில் இன்னொரு சிக்கல் மொழி. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டில் இருந்து வந்தவர்கள் இங்கே ஏராளம். டாக்டர் கேட்பதை இந்தி, ஒடியாவில் சொல்ல ஆள் வேண்டும். கூட வேலை பார்ப்பவரோ சூப்பர்வைசரோ மொழிபெயர்த்தால், மாதவிடாய் பிரச்னை, காசநோய் போன்றவற்றை ஒரு தொழிலாளி மனம் விட்டுச் சொல்வாரா? அந்தத் தனிமையை உறுதி செய்வதும் இப்போது நர்ஸ் தலையில்தான். தடுப்பூசி, கர்ப்பிணி பரிசோதனை என்று ஏற்கெனவே இருக்கும் வேலை எதுவும் இதனால் குறைவதில்லை.

அப்போ டாக்டருக்குப் பொறுப்பு குறைகிறதா?

இல்லை. 2020 மார்ச் 25-ல் வெளியான டெலிமெடிசின் வழிகாட்டு நெறிமுறைகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன.

* நேரில் பார்க்கும்போது உள்ள அதே தொழில் நெறி வீடியோவுக்கும் பொருந்தும். முடிவெடுப்பவரும் மருந்து எழுதுபவரும் பதிவு பெற்ற டாக்டர்தான்.
* நர்ஸ் உதவலாம், தானாக மருந்து எழுத முடியாது. ஏஐ செயலிக்கும் இதே தடை உண்டு.
* வீடியோவில் பார்த்தது போதாது என்று தோன்றினால், நேரில் வரும்படி டாக்டர் சொல்லலாம்.
* போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகளைப் பொதுவாக டெலிமெடிசினில் எழுதக் கூடாது.

சிக்கல் எங்கே?

பார்ப்பவர் ஒருவர், முடிவெடுப்பவர் இன்னொருவர். இருவரும் ஒரே கட்டடத்தில் இல்லை. பல நேரம் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்தது கூட இருக்காது. அதனால் ‘சொன்னதை மட்டும் செய்’ என்ற பழைய முறை இங்கே ஆபத்து. “சார், ரீடிங் நார்மல்தான். ஆனா இவங்களைப் பார்த்தா எனக்குச் சரியாப் படல, நேர்ல அனுப்பட்டுமா?” என்று நர்ஸ் தயங்காமல் கேட்க முடிய வேண்டும். அதை டாக்டர் காது கொடுத்துக் கேட்கவும் வேண்டும். இதற்கான பயிற்சியும் நேரமும் இருவருக்கும் கிடைத்தால்தான் வீடியோ சிகிச்சை பாதுகாப்பாக இருக்கும்.

நோயாளிகள் கவனிக்க வேண்டியவை

* நர்ஸ் உங்கள் சார்பில் டாக்டரை அழைத்தால், முதலில் உங்கள் சம்மதம் கேட்க வேண்டும். எந்தக் கட்டத்திலும் ‘வேண்டாம்’ என்று நிறுத்த உங்களுக்கு உரிமை உண்டு.
* மருந்துச் சீட்டில் டாக்டரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள்.
* பழைய சீட்டு, இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டை இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.
* புண், வீக்கம் எதுவாக இருந்தாலும் கேட்காமலே காட்டுங்கள்.
* நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரென வாய் கோணுவது, கை கால் இழுப்பது என்றால் வீடியோவுக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.